சுண்டு விரலுக்கு ஓர் எழுத்து

யாரையாவது புதிதாகப் பார்த்தால் நாமெல்லாம் முகத்தைப் பார்ப்போம். டீச்சர் விரல்களைப் பார்ப்பார். ஓரக்கண்ணால் பார்ப்பதெல்லாம் கிடையாது. எதிரில் நிற்பவர் கூச்சப்பட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும் வரைக்கும் உற்றுப் பார்ப்பார். ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து போயிருந்தோம். மாப்பிள்ளை தாலி முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போது, கெட்டிமேளச் சத்தத்துக்கு நடுவே என் காதுப்பக்கம் குனிந்து, "மோதிர வெரலு மந்தம், பாத்தியா? எஸ்ஸும் எல்லும் இவருக்குத் தகராறு பண்ணும்" என்றார். முன்வரிசையில் இருந்த கல்யாணப் பெண்ணின் பெரியம்மா, மாப்பிள்ளைக்கு என்ன குறை என்று திரும்பிக் கேட்டுவிட்டாள். ஒன்றுமில்லை, மாப்பிள்ளை தங்கமானவர் என்று சொல்லிச் சமாளிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

செஞ்சிக் கடைத்தெருவில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. டீச்சர் அங்கேதான் சொல்லிக்கொடுத்தார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. கடையும் மாடியும் ஒரே ஆளுக்குச் சொந்தம். அவரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். டீச்சருக்கும் பெயர் என்று ஒன்று இருந்தது, ஆனால் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவரும் பதிலுக்கு யார் பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார். "அந்த எடது சுண்டுவெரலு இன்னிக்கும் வரலியா?" என்பார். படித்து முடித்து எங்கோ வேலை கிடைத்த ஒரு பையன் இனிப்போடு வந்தபோது, யாரென்றே தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றார். அவன் நீட்டிய பெட்டியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்த பிறகுதான், "அடடே, நீயா!" என்று முகம் மலர்ந்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அவரிடம் இருந்த இன்னொரு குணம்தான் என்னைப் பாடாய்ப்படுத்தியது. தப்பு செய்தவரை அவர் திட்டவே மாட்டார். தப்பு நடக்கும்படி அந்த இடத்தை வைத்தவன் எவனோ, அவனைத் தேடிப் பிடித்துத் திட்டுவார். மற்ற இன்ஸ்டிட்யூட்டுகளில் தப்பான எழுத்தை அடித்தால் விரல் முட்டியில் ஸ்கேலால் ஒரு போடு போடுவார்கள். இவரோ, "அது இன்னா பண்ணும் பாவம்? இருக்கறதுலயே சின்ன வெரலு, அது தலையில இவ்ளோ வேலைய கட்டி வெச்சிருக்கான்" என்பார். அந்தக் காலத்தில் சீமையில் டைப்ரைட்டரை வடிவமைத்த மனிதர், இவர் வாயில் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் ஒரு பொறுப்பில்லாத ஆளாகிவிட்டார்.

ரேஷன் கடையில் ஒருநாள் பாமாயில் கேட்டவருக்கு மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டான் எடைபோடும் ஆள். வரிசை மொத்தமும் அவன்மேல் பாய்ந்தது. டீச்சர் வரிசையை விட்டு விலகி உள்ளே போனார். ஒட்டி ஒட்டி நின்ற இரண்டு தகர டின்களில் ஒன்றைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய் எதிர்ச் சுவரோரம் வைத்தார். "ரெண்டும் ஒரே மாதிரி டின்னு, ஒரே மாதிரி அளவு. நானா இருந்தாலும் அதத்தான் ஊத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தால், அவர் நின்ற இடம் போய்விட்டிருந்தது. யாரும் விடவில்லை. வரிசையின் வாலில் போய் நின்றுகொண்டார்.

நான் அந்த மாடிக்கு வந்து சேர்ந்தது எண்பதுகளின் கடைசியில். பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, சிங்கவரத்தில் வீட்டோடு இருந்தேன். பாய் ஆசைப்பட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். ஊரில் அதை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால், எங்கள் நைனாவிடம் வந்து கேட்டு என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். மாடியைப் பலகை அடித்து இரண்டாகப் பிரித்தோம். அந்தப் பக்கம் டீச்சரும் டைப்ரைட்டர்களும். இந்தப் பக்கம் நானும் கம்ப்யூட்டரும். கோட்டை மலைப் பாறைகளின் அனல் ஜன்னல் வழியாக இந்தப் பக்கம்தான் வரும் என்பதால் ஃபேனும் இந்தப் பக்கம்தான்.

ஒருநாள் சாயங்காலம் பாய் மேலே வந்தார். சிக்கனக்காரர். "வெயிலு எறங்கிடிச்சி, ஃபேனு எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே சுவிட்சை அணைத்தார். ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது, கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. காலையிலிருந்து நான் அடித்ததெல்லாம் போச்சு. முதலாளி என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன். பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து டீச்சர் வந்து சுவிட்ச் போர்டைப் பார்த்தார். "பாய் மேல தப்பு இல்லடி. ரெண்டு சுவிட்சும் அக்கா தங்கச்சி மாதிரி ஒட்டிக்கினு இருக்குது. இத வெச்சது யாரு?" என்றார். வைக்கச் சொன்னது நான்தான் என்பது அவருக்குத் தெரியும். ஒரு காலித் தீப்பெட்டியின் மேலட்டையைக் கம்ப்யூட்டர் சுவிட்சின் மேல் ஒட்டிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போனார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. சுற்றுவட்டார மல்லாட்டை எண்ணெய் மில்காரர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அவர்கள் சேர்ந்து மில்லுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். விவசாயிகள் கொண்டுவரும் மூட்டைகளின் எடையைப் பதிந்து சீட்டு அடித்துத் தரும் புரோகிராமை ஃப்ளாப்பியில் போட்டு நாங்கள் தரவேண்டும். ஃப்ளாப்பி என்றால் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய சதுரத் தட்டு. தூசி பட்டாலும் வெயில் பட்டாலும் கெட்டுப்போகும். கெட்டுப்போகும்போதெல்லாம் திண்டிவனத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் எங்களைத் தேடி வர முடியுமா? அதனால் மில்லிலேயே புதுத் தட்டு செய்துகொள்ள ஒரு கருவி எழுதினேன். கம்ப்யூட்டரை எழுப்பும் கோப்புகள், எடைப் புரோகிராம், அந்த மில்லின் பெயர் எல்லாவற்றையும் அடுக்கி, ஒரு முழுத் தட்டு எப்படி இருக்குமோ அப்படியே அச்சு அசலாக ஒரு வார்ப்பைக் கட்டும். கட்டிய வார்ப்பை வெறும் தட்டில் கொட்டும். தட்டில் ஏற்கெனவே என்ன இருந்தாலும் அது அழிந்துவிடும். கட்டுவது மட்டுமில்லை, ஏற்கெனவே இருக்கும் தட்டு நன்றாக இருக்கிறதா என்று சரிபார்க்கவும் செய்யும். எதைச் செய்யவேண்டும் என்பதைக் கட்டளைக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு, ஓர் எழுத்தை அடித்துச் சொல்லவேண்டும்.

அந்த எழுத்துகளைத் தீர்மானிப்பதில்தான் எங்கள் சண்டை ஆரம்பித்தது. நான் ஒரு தாள் நிறைய எழுதி வைத்திருந்தேன். தட்டின் அளவுக்கு ஓர் எழுத்து, மில்லின் பெயரை மாற்ற ஓர் எழுத்து, சத்தமில்லாமல் வேலை செய்ய ஓர் எழுத்து என்று ஏகப்பட்டது. எனக்கு அதில் ரொம்பப் பெருமை. டீச்சர் மத்தியானச் சோற்றுக்கு நடுவே அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார்.

"இன்னாடி இது, இவ்ளோ?"

"யாருக்கு எது வேணுமோ அத போட்டுக்கலாம் டீச்சர்."

"யாருக்கு?"

"யாருக்காவது வேண்டியிருக்கும்."

"அந்த யாராவது யாரு? பேரு சொல்லு, வெச்சிக்கலாம்."

பெயர் கேட்டது யார் பாருங்கள்! ஒவ்வொரு எழுத்தாக வந்து, "இத யாரு கேட்டா?" என்று கேட்டு, நான் பதில் சொல்லாததையெல்லாம் சோற்றுக்கை படாமல் இடது கையால் அடித்துக்கொண்டே போனார். கடைசியில் இரண்டுதான் மிஞ்சின. கட்டுவதற்கு பி, சரிபார்ப்பதற்கு வி. ஆங்கிலத்தில் அந்தந்த வேலையின் முதல் எழுத்து. இதிலாவது கை வைக்கமாட்டார் என்று நினைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, மேஜைமேல் பத்து விரல்களையும் வைத்து, வெறும் பலகையில் இரண்டு எழுத்தையும் அடித்துப் பார்த்தார்.

"வியும் பியும் பக்கத்துப் பக்கத்துல இருக்குது. ரெண்டையும் அடிக்கறது எடது ஆள்காட்டி வெரலு. ஒரே வெரலு. கொஞ்சம் அசந்துச்சின்னா தட்ட பாக்கறதுக்குப் பதிலா தட்ட அழிச்சிருவாங்க."

"அதான் அழிக்கறதுக்கு முன்னாடி 'நிச்சயமா?'ன்னு கேக்கும் டீச்சர். ஒய் அடிச்சாத்தான் கட்டும்."

"எங்கிட்ட படிக்கற புள்ளைங்கள நீ பாக்கலியா? கேள்விய கண்ணு படிக்கறதுக்கு முந்தியே வெரலு பதில அடிச்சிட்டுப் போயிரும். அந்தக் கேள்விய நம்பாத, எடுத்துடு."

அப்புறம் அவர் சொன்னது எனக்கு அன்றைக்கு உண்மையாகவே அற்புதமாகப் பட்டது. ஆபத்தான வேலையைப் பலவீனமான விரலிடம் கொடுக்கவேண்டும். விரல்களிலேயே நோஞ்சான் இடது சுண்டு விரல். அது எட்டிப் போய் அடிக்கிற எழுத்துகளிலேயே கஷ்டமானது கீழ்வரிசை இசட். "அந்த வெரலு தானா அங்க போவாது. நாமளா அனுப்பினாத்தான் போவும். கட்டறதுக்கு இசட் வெய்யி." அர்த்தமே இல்லாத எழுத்தாச்சே என்று நான் முனகினேன். "அர்த்தம் பாக்கறது மூள. அடிக்கறது வெரலு" என்று என் வாயை அடைத்துவிட்டார். கேள்வியை எடுத்தேன், இசட் வைத்தேன். எத்தனை நாள் அவரோடு மல்லுக்கு நிற்பது?

அவர் இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் இருந்தது. டைப் படிக்க வருகிற கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. மெஷின்களை விற்றுவிட்டு மாடி முழுவதும் கம்ப்யூட்டர் போடப்போவதாக பாய் சொல்லியிருந்தார். மில் வேலை சரியாக அமைந்தால், மில்களுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் வேலையை டீச்சருக்குத் தருவார். அமையாவிட்டால் டீச்சருக்கு இங்கே இடமில்லை. ஒருநாள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்னோடு நடந்து வந்தவர், எந்த முன்னுரையும் இல்லாமல் சொன்னார்: "இந்த வேல போச்சின்னா எங்க அண்ணன் வீட்டு அடுப்பங்கரதாண்டி. அண்ணி கெட்டவங்க இல்ல. ஆனா ஒருதடவ உள்ள போயிட்டா அப்புறம் வெளிய வரமாட்டேன். பயமா இருக்குது." அவர் பயப்படுகிறவர் என்றே நான் அதுவரை நினைத்ததில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தேன்.

சங்கத் தலைவருக்குத் திண்டிவனம் ரோட்டில் மில். கருவியை அங்கேதான் முதலில் நடத்திக் காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டார். பாய், டீச்சர், நான் மூவரும் பஸ் பிடித்துப் போனோம். முற்றம் முழுக்க மல்லாட்டை மூட்டைகள். மூட்டைகளுக்கு நடுவே எடைச் சீட்டுக்காகக் காத்திருக்கும் விவசாயிகள். காலையிலிருந்து போட்ட எடையெல்லாம் நாங்கள் முன்பே கொடுத்திருந்த ஒரு தட்டில் பதிவாகியிருந்தது. பதிந்தவர் அந்த மில்லின் கணக்குப்பிள்ளை. ஐம்பது வயதிருக்கும், தலைவர் எதிரில் உட்காரவே பயப்படுகிற மனிதர்.

கட்டுவதற்கு இசட், பார்ப்பதற்கு வி என்று பாய் அவருக்கு ஒருமுறை சொல்லிவைத்தார். தலைவர் ஒரு புதுத் தட்டைச் செய்து காட்டச் சொன்னார். கணக்குப்பிள்ளை நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். இடது கையை மடியில் வைத்துக்கொண்டார். வலது கையின் ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, கீபோர்டின் மேல் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினார். நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. பத்து விரலுக்கும் கணக்குப் பார்த்த அவருக்கு, ஒற்றை விரலால் அடிக்கிறவர் ஒருவர் உலகத்தில் இருப்பார் என்று தோன்றவே இல்லை. அவர் வாழ்ந்த மாடியில் அப்படி யாரும் இல்லையே.

நான் சொல்லச் சொல்ல, இசட் போட்டுப் புதுத் தட்டைக் கட்டிவிட்டார். தலைவர் தலையை ஆட்டினார். "சரி, காலையில எட போட்ட தட்டு நல்லா இருக்குதான்னு பாருய்யா" என்றார். கணக்குப்பிள்ளை அந்தத் தட்டை எடுத்துச் செருகினார். நான் வாய் திறப்பதற்குள் தலைவர் என்னிடம், "நீ சொல்லாதம்மா, நாளைக்கி நீயா வந்து ஒக்காரப்போற? அவனே அடிக்கட்டும்" என்று தடுத்துவிட்டார். கணக்குப்பிள்ளையின் விரல் கீபோர்டின் மேல் வட்டமடித்தது. பிறகு தயங்காமல் இசட்டில் போய்க் குத்தியது.

காலை எடையெல்லாம் போய்விட்டது.

"வின்னு சொன்னனேய்யா, காதுல வாங்கலியா?" என்று பாய் பதறினார்.

"அது மறந்துபோச்சிங்க. இது கடேசி எழுத்தாச்சே, இது மட்டுந்தான் ஞாபகம் நின்னுது" என்றார் அவர்.

தலைவர் சத்தம் போட ஆரம்பித்தார். முற்றத்தில் இருந்தவர்களெல்லாம் எழுந்து வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். சீட்டு வாங்காதவர்களின் மூட்டைகளையெல்லாம் மறுபடி நிறுக்கவேண்டும். "இவ்ளோ நல்லா பண்ணிக் குடுத்துருக்காங்க, ஒரு எழுத்த பாத்து அடிக்கத் தெரியல ஒனக்கு. நாளைலேருந்து வராத. கண்ணு தெரிஞ்ச ஆளா பாத்து வெச்சிக்கறேன்" என்றார். கணக்குப்பிள்ளை எழுந்து நின்று, அடித்த விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். பாய் நிம்மதியாக மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது. கருவி தேறிவிட்டது, பழி ஆள்மேல் போய்விட்டது. நாங்கள் சும்மா இருந்தாலே போதும்.

டீச்சர் எழுந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். விடுவித்துக்கொண்டார்.

"ஐயா, அவரு மேல தப்பு இல்லீங்க. அந்த எழுத்த வெச்சது நான். மறக்காத எழுத்தா பாத்து அழிக்கறதுக்கு வெச்சிட்டேன். கேக்கறதுக்கு ஒரு கேள்வி இருந்துச்சி, அதையும் நாந்தான் எடுக்கச் சொன்னேன். யாரு ஒக்காந்தாலும் இதத்தான் அடிச்சிருப்பாங்க. அவர அனுப்பாதீங்க."

தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பாயைப் பார்த்து, "அப்ப ஒங்க சரக்குதான் சரியில்லன்னு ஒங்க ஆளே சொல்றாங்க. நாங்க யோசிச்சி சொல்லி அனுப்பறோம்" என்றார். கணக்குப்பிள்ளையைப் பார்த்து, "போய் மறுபடியும் எட போடுய்யா" என்றார்.

செஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பாய் கேட்டார். "ஏன் டீச்சர் வாயத் தொறந்தீங்க? அந்தாள நாலு நாளு கழிச்சி அவங்களே கூப்ட்டு வெச்சிக்கப் போறாங்க."

"கூப்புடலன்னா பாய்?"

"இப்ப ஒங்கள யாரு கூப்புடுவா?"

எனக்கும் டீச்சர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரோ ஒரு கணக்குப்பிள்ளைக்காகத் தன் சோற்றில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிற மனுஷியை என்னவென்று சொல்வது? அதே நேரத்தில் அவரைக் கட்டிக்கொள்ளவும் வேண்டும்போல இருந்தது.

மெஷின்களை இறக்கிய நாளில் டீச்சர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். ஆட்கள் ஒவ்வொரு டைப்ரைட்டராகத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டிக் கீழே போனார்கள். அவர் கால்களை ஒடுக்கி வழிவிட்டுக்கொண்டே, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் கருவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டேன்.

"எழுத்தே வேணாம். ஒண்ணுமே சொல்லாம அடிச்சாங்கன்னா, தட்ட சும்மா பாத்துட்டு நல்லா இருக்குதா இல்லியான்னு மட்டும் சொல்லட்டும். கட்டணும்னா 'கட்டு'ன்னு முழுசா அடிக்கட்டும், இங்கிலீஷ் எழுத்துல. அப்படி அடிச்சாலும், தட்டுல கணக்கு இருந்துச்சின்னா கட்டக் கூடாது. கேள்வியும் கேக்கக் கூடாது. முடியாதுன்னு சொல்லிடணும்."

"வேணும்னே அழிக்கணும்னா இன்னா டீச்சர் பண்ணுவாங்க? அதுக்கு ஒரு எழுத்து வெக்கணும்ல?"

"வெக்காத. வேணும்னா அழிக்கறதுக்குத் தனியா ஒண்ணு எழுதி நம்மகிட்ட வெச்சிக்கலாம். கேட்டு வரட்டும்."

நம்மகிட்ட என்றார். கடைசி மெஷின் இறங்கியதும் பாயிடம் சொல்லிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னபடியே மாற்றி எழுதினேன். வேறு யாரும் கிடைக்கவில்லையோ என்னவோ, சில வாரம் கழித்துத் தலைவர் இன்னொரு தரம் வரச் சொன்னார். பாயும் நானும் மட்டும் போனோம். அங்கே நடந்ததைப் பார்த்துவிட்டு, பாய் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே, "நீ நேரா டீச்சர் வீட்டுக்குப் போ. நான் வரச் சொன்னேன்னு சொல்லு" என்று அனுப்பிவிட்டார்.

டீச்சர் அடுப்பங்கரையில் உட்கார்ந்து கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தார். இளைத்திருந்தார். அண்ணி கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நான் வாசற்படியிலேயே நின்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

"சங்கம் எடுத்துக்கினாங்க டீச்சர். எல்லா மில்லுக்கும். தலைவரு, அந்தம்மா எங்கன்னு கேட்டாரு. மத்த மில்லு ஆளுங்களுக்கு அந்தம்மாவே வந்து சொல்லிக் குடுக்கட்டும்னு சொல்லிட்டாரு. பாய் ஒங்கள வரச் சொன்னாரு."

அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "அந்தக் கணக்குப்பிள்ள இருக்காரா?" என்று கேட்டார்.

"இருக்காரு. அவருதான் அடிச்சிக் காமிச்சாரு."

"சரியா அடிச்சாரா?"

"எங்க? தப்பாத்தான் அடிச்சாரு. தட்டு நெறைய கணக்க வெச்சிக்கினு, 'பாருய்யா'ன்னா 'கட்டு'ன்னு அடிக்கறாரு."

டீச்சரின் கை நின்றுவிட்டது. "அப்புறம்?"

"'இதில் கணக்கு இருக்குது, கட்ட முடியாது'ன்னு வந்துச்சி. அவரு 'ஓ'ன்னாரு. தட்ட வெளிய எடுத்துப் பாத்துட்டு, திரும்பப் போட்டு, 'கட்டு' இல்லாம அடிச்சாரு. அவ்ளோதான்."

"யாராவது திட்டினாங்களா?"

"தலைவரு டீ குடிச்சிக்கினு இருந்தாரு. அவரு திரும்பிக்கூடப் பாக்கல."

டீச்சர் அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பி அழுதார். மெஷின்களைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கொடியில் கிடந்த நல்ல புடவையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கொல்லைப்புறம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அண்ணி, பருப்பு அடுப்புல இருக்குது, பாத்துக்கோங்க. நான் வேலைக்குப் போறேன்."